எலும்பு கூடியது, பறவை பிழைக்கவில்லை: பறக்க இயலாத ஒரு தேன்சிட்டின் 27 நாட்கள்

வந்த நிலை

ஒரு டிசம்பர் மாத மாலையில், பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாவும் அவருடைய பேரனும் செருப்பு டப்பா ஒன்றை ஏந்திக்கொண்டு என் மருத்துவகத்துக்கு வந்தார்கள். "டாக்டரம்மா, ஹம்மிங்பேர்ட் ஒண்ணு பால்கனிக் கண்ணாடியில மோதி விழுந்துருச்சு. அஞ்சு நாளா தேன் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம், பறக்கவே மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. டப்பாவுக்குள், பழைய பருத்திச் சேலைத் துண்டின் மேல், வெளிறிய தொண்டையும் மஞ்சள் மார்பும் கொண்ட பெண் பறவை ஒன்று வலது இறக்கையைத் தரையில் படும்படி தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் என்று நாம் சொல்லும் ஓசனிச்சிட்டுகள் ஏறத்தாழ 360 இனங்கள் இருந்தாலும், அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை; இந்தியாவில் இயற்கையாக வாழும் ஓசனிச்சிட்டு ஒன்றுகூட இல்லை. பூந்தேனை உண்டு வாழ்வதால் இரு குடும்பங்களும் தனித்தனியே ஒரே போன்ற மெல்லிய நீண்ட அலகையும் நாக்கையும் மின்னும் இறகுகளையும் பெற்றிருக்கின்றன. நம் ஊரில் அந்தப் பெயர்க் குழப்பம் வருவது இயல்பே.

தராசில் வைத்தபோது பறவையின் எடை 6.4 கிராம். நான் எடை பார்த்த நலமான பெண் பறவைகள் 8 கிராமை ஒட்டியே இருந்திருக்கின்றன. தொண்டை இறகுகளும் மார்பு இறகுகளும் தேன் காய்ந்து குச்சி குச்சியாக ஒட்டிக் கிடந்தன. வாலுக்கடியில் எச்சம் உலர்ந்து ஒரு கட்டியாக இறுகியிருந்தது. வலது தோளின் முன்புறத்தைத் தொட்டபோது வாயைத் திறந்து வலியைக் காட்டியது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய எக்ஸ்ரேயில், இறக்கையை நெஞ்செலும்போடு தாங்கி நிற்கும் காரகாய்டு எலும்பில் முறிவு தெரிந்தது. கண்ணாடியில் நேராக மோதும் பறவைகளிடம் அடிக்கடி காணப்படும் முறிவு இது. வெளியே காயம் எதுவும் தெரியாததால், பறவை அதிர்ச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள்.

அந்தக் குடும்பத்தின் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மணிக்கு நான்கு முறை துளித்துளியாக ஊட்டியிருக்கிறார்கள். இரவில் டப்பாவின் மேல் துணி போட்டுக் குளிரிலிருந்து காத்திருக்கிறார்கள். தேனைக் கொடுத்தது மட்டும்தான் தவறு. தண்ணீரில் கலந்த தேன் விரைவில் புளிக்கும், அதில் பூஞ்சை வளரும், அது பறவையின் நாக்கையும் வாயையும் பற்றும். அதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் விளக்கி, வனத்துறைக்குத் தகவல் தந்துவிட்டு, பறவையை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

ஓசனிச்சிட்டிடமிருந்து கற்றது

பத்து கிராமுக்கும் குறைவான ஒரு தேனுண்ணிப் பறவையை வாரக்கணக்கில் பறக்கவிடாமல் வைத்துச் சிகிச்சை செய்வது எப்படி என்பதற்கு, எனக்குக் கிடைத்த எழுத்துகளில் பெரும்பகுதி ஓசனிச்சிட்டைப் பற்றியவையே. ஆகவே இரவுகளில் உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். படிக்கப் படிக்க, பறத்தல் என்பது அந்தப் பறவைக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்லும் வழி மட்டும் அன்று, உடலின் மற்ற வேலைகள் எல்லாம் அதைச் சார்ந்தே ஓடுகின்றன என்பது விளங்கியது.

ஓசனிச்சிட்டின் உடல் எடையில் கால் பங்குக்கும் மேல் பறக்கும் தசைகளே. இறக்கையை மேலே தூக்கும் தசை மற்றப் பறவைகளிடம் மிகச் சிறியதாக இருக்க, இதனிடம் கீழே அடிக்கும் தசையின் பாதி அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதனால்தான் இறக்கையின் இரு வீச்சுகளிலும் உடலைத் தாங்கி, பூவின் முன் நின்றபடி பறக்க முடிகிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 1,200ஐத் தாண்டிப் பதிவாகியிருக்கிறது. குடித்த சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துப் பிறகு எரிக்கும் சுற்றுவழி பகலில் உண்டு பறக்கும்போது அதற்குத் தேவையில்லை; குடித்த அரைமணி நேரத்துக்குள் பறக்கும் ஆற்றல் முழுவதையும் ஏறக்குறைய அந்தச் சர்க்கரையிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. உண்டபின் அதன் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 700 மில்லிகிராமைக் கடந்து போவதும், சிறிது நேரம் உண்ணாமல் இருந்தாலே 300 அளவுக்கு இறங்கிவிடுவதும் அளந்து அறியப்பட்டவை. மனிதனுக்கு அந்த எண்கள் வந்தால் அவசரப் பிரிவில் சேர்ப்போம். பறவைக்கு அவை கேடு செய்யாததற்குக் காரணம், எரிக்கும் அடுப்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருப்பதே என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி. ஓசனிச்சிட்டுக்குக் கால்கள் பெயரளவுக்குத்தான். கிளையைப் பற்றி உட்காரலாம், ஓரிரு விரற்கடை பக்கவாட்டில் நகரலாம், ஆனால் நடக்கவோ தத்திச் செல்லவோ இயலாது. தரையில் விழுந்த ஓசனிச்சிட்டு, ஒரு சாண் தொலைவில் உணவு இருந்தாலும் அதை அடைய முடியாது. இரவில் உணவு போதாதபோது உடல் வெப்பத்தைத் தாழ்த்தி ஆழ்ந்த மந்தநிலைக்குப் போய்த் தப்பிக்கும் திறன் அதற்கு உண்டு. ஆந்தீஸ் மலையில் வாழும் ஓர் இனத்தின் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை தாழ்ந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆனால் அந்த உறக்கத்திலிருந்து எழுந்த பறவை காலையில் பறந்து போய்க் குடித்தாக வேண்டும். இனி ஒருபோதும் பறக்காது என்று உறுதியான ஓசனிச்சிட்டைத் துன்பமின்றி விடுவிப்பதே நேர்மையானது என்று அமெரிக்காவில் காட்டுப் பறவைகளைப் பேணுபவர்கள் பலர் கருதுவதற்குக் காரணம் இவைதாம்.

தேன்சிட்டு அந்த அளவுக்குப் பறத்தலின் அடிமை அன்று. பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். எப்போதாவதுதான் நின்றபடி பறக்கும். கால்கள் வலுவானவை, தத்தும், தொங்கும். இதை நம்பித்தான் நான் துணிந்தேன். எலும்பு கூட மூன்று வாரம் கொடுத்தால் போதும், மற்றவை தாமே சரியாகும் என்பது என் கணக்கு.

சிகிச்சையும் எடைக் குறிப்பும்

முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் தொண்டை இறகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேனை எடுக்கவே மூன்று அமர்வுகள் ஆயின. ஒரே நேரத்தில் செய்தால் பறவை குளிர்ந்துவிடும். வலிக்கு மெலாக்சிகம் கொடுத்தேன். இறக்கையை உடலோடு சேர்த்துக் காகித டேப்பால் மெல்லச் சுற்றினேன். அந்தச் சுற்றின் எடை 0.3 கிராம், கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் 6.4 கிராம் பறவைக்கு அது, ஐம்பது கிலோ ஆளின் முதுகில் ஏறத்தாழ இரண்டே கால் கிலோ மூட்டையைக் கட்டியதற்குச் சமம். இரவு வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கும் பெங்களூரு டிசம்பரில், 31 டிகிரியில் வைத்த இன்குபேட்டருக்குள் ஒரு கூடை, கூடைக்குள் பென்சில் தடிமனில் ஒரே ஒரு குச்சி, அதன் இரு முனைகளிலும் உணவு. காலை ஆறு முதல் மாலை ஆறரை வரை அரைமணிக்கு ஒருமுறை, ஒரு பங்குச் சீனிக்கு நான்கு பங்குத் தண்ணீர். சீனி மட்டும் போதாது, தசைக்கும் இறகுக்கும் புரதம் வேண்டும் என்பதற்காக, அழுகிய வாழைப்பழத்தோலில் வளர்த்த பழ ஈக்களையும் தினமும் விட்டேன்.

நான்காம் நாள் 7.1 கிராம். ஒன்பதாம் நாள் 7.9. பன்னிரண்டாம் நாள் 8.3. அந்த எண்ணை எழுதும்போது எனக்கிருந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த எண்தான் என்னை ஏமாற்றியது.

பன்னிரண்டாம் நாள் சுற்றைப் பிரித்தபோது, நெஞ்சை விரலால் தடவிப் பார்த்தேன். நலமான தேன்சிட்டின் நெஞ்செலும்பு முகட்டின் இரு பக்கமும் தசை திரண்டிருக்கும். விரல் ஓடும்போது முகடு தனித்துத் தெரியாது. இந்தப் பறவையிடம் அது கத்தி முனைபோல் விரலில் உரசியது. எடை கூடியிருக்கிறது, தசை கரைந்திருக்கிறது. அப்படியானால் கூடிய எடை எங்கே? ஒரு ஸ்ட்ராவால் கழுத்தடி இறகுகளை ஊதிப் பிரித்துப் பார்த்தேன். பறவைகளுக்கு வளையம் இடுபவர்கள் கொழுப்பை மதிப்பிடச் செய்யும் எளிய சோதனை அது. தோல் கண்ணாடிபோல் மெல்லியதாகையால், இரு தோள்களுக்கும் நடுவில் உள்ள பள்ளம் வெண்ணெய் நிறக் கொழுப்பால் நிறைந்து புடைத்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. வயிற்றிலும் அதே மஞ்சள். பறக்கும் பறவைக்கு அளவான சர்க்கரையை, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, அதுவும் வெப்பமான பெட்டிக்குள், பன்னிரண்டு நாட்களாகக் கொடுத்திருக்கிறேன். எரிய வேண்டியது தேங்கியிருக்கிறது.

பறக்காமை ஒவ்வொன்றாகத் திறந்த கதவுகள்

அடுத்த இரு வாரங்களில் நடந்தவற்றை நான் தனித்தனி நோய்களாகவே முதலில் குறித்துவைத்தேன். பின்னால் திரும்பப் படித்தபோதுதான் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்று தெரிந்தது.

பதினான்காம் நாள் இடது காலின் அடிப்பகுதி சிவந்து வீங்கியிருந்தது. காட்டில் ஒரு தேன்சிட்டு நாளெல்லாம் தடித்ததும் மெல்லியதும் சொரசொரப்பானதும் வழவழப்பானதுமான நூறு காம்புகளில் மாறி மாறி உட்காரும். உட்கார்ந்த சில நொடிகளில் கிளம்பிவிடும். என் பறவை ஒரே தடிமனான ஒரே குச்சியில், வலி இல்லாத பக்கம் சாய்ந்தபடி, பகல் முழுவதும் நின்றிருந்தது. அழுத்தம் முழுவதும் ஒரே இடத்தில் விழுந்தது.

பதினாறாம் நாள் வாயின் மேல்புறத்தில் தயிர்த்திட்டுப் போன்ற வெண்மை. தேனோடு தொடங்கிய பூஞ்சையாக இருக்கலாம், சூடும் ஈரமும் சர்க்கரையும் சேர்ந்த பெட்டிக்குள் புதிதாக வந்ததாகவும் இருக்கலாம். நிஸ்டாட்டின் கொடுத்ததில் நான்கு நாளில் திட்டு மறைந்தது; ஆனால் அந்த நான்கு நாட்களும் குடிப்பது குறைந்தது.

எச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்காமல் விடுகிறார்கள். தேனுண்ணிப் பறவை குடிப்பதெல்லாம் நீர். ஆகவே எச்சமும் நீர்த்தே இருக்கும், அடிக்கடி வரும். பறக்கும்போதும் கிளையின் விளிம்பில் வாலைத் தூக்கியும் அதைத் தன் மேல் படாமல் எறிந்துவிடும். தொங்கும் இறக்கையோடு தாழ உட்கார்ந்திருக்கும் பறவைக்கு வாலைத் தூக்க இடமில்லை. ஈரம் இறகில் ஊறுகிறது, உலர்கிறது, ஒட்டுகிறது. ஒட்டிய இறகு உடல் வெப்பத்தைக் காத்து வைக்காது, இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய இன்னும் குடிக்கிறது, இன்னும் எச்சம். அலகால் கோதிச் சீர்செய்யவும் இரு இறக்கைகளும் இசைந்து நகர வேண்டும். ஒரு பக்கம் வலிக்கும் பறவை அந்தப் பக்கத்தைக் கோதுவதில்லை. இந்தப் பறவையின் வலது பக்க இறகுகள் கடைசி வரை கலைந்தே இருந்தன, இடது பக்கம் பளபளத்தது.

பத்தொன்பதாம் நாள் எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் வலது இறக்கையை மெதுவாக விரித்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விரியவில்லை. பன்னிரண்டு நாள் மடங்கியே இருந்ததில், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய தோல்மடிப்பு சுருங்கிவிட்டது. இது என் தவறு; வேறு யாருடையதும் அன்று. ஒரு வாரத்துக்கு மேல் சுற்றை விட்டிருக்கக் கூடாது, விட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பிரித்து இறக்கையை விரித்து மடக்கியிருக்க வேண்டும்.

இருபதாம் நாள் முதல் ஒரு சிறு வலைக்கூண்டுக்கு மாற்றிப் பறக்க முயலவிட்டேன். முயன்றது, அதன் ஊக்கத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. குச்சியிலிருந்து எழும், ஒரு முழம் சாய்வாக இறங்கும், வலையைப் பற்றித் தொங்கும், வாயைத் திறந்து இரண்டு நிமிடம் மூச்சு வாங்கும், பிறகு மறுபடி. அந்த மூச்சுவாங்கல்தான் என்னை அச்சுறுத்தியது. தசை இல்லாத பறவை பறக்க முயல்வது, மாதக்கணக்கில் படுத்திருந்தவரை எழுப்பி மலையேறச் சொல்வதற்கு ஒப்பானது. இருபத்தைந்தாம் நாள் எடை 7.2க்கு இறங்கியது.

அன்று அந்த அம்மா தொலைபேசியில் கேட்டார்: "பறக்காட்டிப் போகட்டும் டாக்டரம்மா, சட்டப்படி உங்ககிட்டயே இருக்கட்டுமே, சாப்பாடு போட்டா உயிரோட இருக்கும்ல?" அன்பால் வந்த கேள்வி, அதற்கு நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. சாப்பாடு போட்டால் உயிரோடு இருக்கும் பறவைகள் உண்டு. இறக்கை இழந்த புறாவும் கிளியும் ஆண்டுக்கணக்கில் வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் உணவு தானியம், நடையால் உடல் இயங்கும். தேனுண்ணிக்கு உணவே விரைவாக எரிய வேண்டிய எரிபொருள். எரிக்க வழியில்லாத இடத்தில் நாம் போடும் சாப்பாடே அதன் உடம்புக்குள் கேடாகத் தங்குகிறது. இதைத்தான் அவரிடம் இயன்ற அளவு மென்மையாகச் சொன்னேன். "அப்ப பறந்தாத்தான் அது சாப்பிடவே முடியும்ங்கிறீங்க" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இறப்பும் உடற்கூறும்

27ஆம் நாள் காலை குச்சியின் கீழே இறந்து கிடந்தது. முந்தைய மாலை குடித்தது, நான்கு ஈக்களைப் பிடித்தது, இரவில் போயிருக்கிறது.

வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு உடலைத் திறந்து பார்த்தேன். காரகாய்டு எலும்பு உறுதியாகக் கூடியிருந்தது, அழுத்தினாலும் அசையவில்லை. காற்றுப்பைகள் தெளிவாக இருந்தன, பூஞ்சை இல்லை. நெஞ்சுத்தசை இரு பக்கமும் தாள்போல் மெலிந்து, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறி இருந்தது. வலது பக்கம் மட்டும் அல்ல, அடிபடாத இடது பக்கமும். கல்லீரல் பெருத்து, விளிம்புகள் மழுங்கி, மஞ்சளாக, கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் அளவுக்குக் கொழுப்பேறியிருந்தது. திசுக்களை நுண்ணோக்கிக்கு அனுப்பவில்லை. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். கண்ணாடி மோதலால் அது இறக்கவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அசையாமை தசையைத் தின்றது, நான் ஊட்டிய சர்க்கரை கல்லீரலில் தங்கியது, அந்த நிலையில் பறக்க முயன்ற உழைப்பை உடல் தாங்கவில்லை என்பதே என் தீர்மானம்.

அதன் பின் மாற்றியவை

அடுத்த மார்ச் மாதம், கல்யாண முருங்கை பூத்திருந்த நாட்களில், ஊதாத் தேன்சிட்டு ஆண் ஒன்று தோளில் சதைக்காயத்தோடு வந்தது. முறிவு இல்லை என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் முறையை மாற்றினேன். சுற்றை ஐந்தாம் நாளே எடுத்தேன், இடையில் இருமுறை இறக்கையை விரித்து மடக்கினேன். சீனிக் கரைசலை உட்கார்ந்திருக்கும் நாட்களில் ஒன்றுக்கு ஆறு என்று நீர்த்து, பறக்கத் தொடங்கியபின் ஒன்றுக்கு நான்காக்கினேன், ஈக்களை இரட்டிப்பாக்கினேன். வெப்பத்தை நான்கு நாளில் படிப்படியாகக் குறைத்தேன். ஒரே குச்சிக்குப் பதிலாகச் செம்பருத்தி, கொய்யா, மூங்கில் என வெவ்வேறு தடிமனில் கிளைகளை, முதலில் தத்தினால் எட்டும் தூரத்தில், பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளிக் கட்டினேன். உணவு எப்போதும் கடைசிக் கிளையில். குடிக்க வேண்டுமானால் இறக்கையை அடித்தாக வேண்டும்.

கேஸ் ஷீட்டையும் மாற்றினேன். எடைக்குப் பக்கத்தில் நெஞ்சுத்தசைக்கு ஒரு கட்டம், கழுத்தடிக் கொழுப்புக்கு ஒரு கட்டம். எடை ஏறித் தசைக் கட்டம் இறங்கினால் அன்றே உணவைக் குறைத்து அசைவைக் கூட்டுவது. மேல் மூலையில், பறவை வந்த நாளிலேயே, எந்தத் தேதிக்குள் தானாக எழுந்து பறக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். அந்தத் தேதி கடந்தும் எழவில்லை, எழும் அறிகுறியும் இல்லை என்றால், அதைத் துன்பத்தில் நீட்டிக்காமல் முடிவெடுப்பது என்று முன்னதாகவே கொண்டுவந்தவரிடம் பேசிவிடுகிறேன். எழுதக் கடினமான வரி அது. ஆனால் 27 நாள் ஒரு கூடைக்குள் கரைந்த அந்தப் பெண் பறவைக்குப் பின் அதை எழுதாமல் விட என்னால் இயலவில்லை.

ஆண் பறவையின் ஷீட்டில் அந்தத் தேதி இருபதாம் நாள். பதினேழாம் நாள் காலை, தசைக் கட்டத்தில் முழு மதிப்பெண்ணோடு, அல்சூர் ஏரிக்கரை மரங்களின் பக்கம் அதை விட்டோம். கையைத் திறந்ததும் தாழாமல், நேராக மேலே ஏறியது.